பைக்கில் கால் சுடுகிறதா? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணா, வலது கால் மட்டும் வேகுதுண்ணா. வண்டியில ஏதாவது கோளாறா?" புது பைக் எடுத்த தம்பிகள் முதல் மாதத்திலேயே என்னிடம் இப்படிக் கேட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது கத்திரி வெயில் நேரமாக இருக்கும். வடபழனிப் பக்கம் மதியம் ஒன்றரை மணிக்கு ஒரே சிக்னலில் மூன்று முறை சிவப்பு விழுந்து நின்றுவிட்டு வந்திருப்பார்கள்.

அநேகமாகக் கோளாறு இருக்காது. சில சமயம் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஒருவர் விலை கூடிய ஆயிலை ஊற்றிப் பார்ப்பார், இன்னொருவர் பெண்ட் பைப்பில், அதாவது இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாயில், பட்டை சுற்றுவார். சூடு எங்கிருந்து கிளம்பி எந்த வழியாகக் காலுக்கு வருகிறது என்று தெரியாத வரை இதெல்லாம் வீண் செலவு.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வண்டியை ஓட்டப் போகிறது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பாதி புகையோடு சைலன்சர் வழியாக வெளியே போகும், மறுபாதியை இன்ஜினின் உடம்பு கக்கும். காரில் அந்தச் சூட்டுக்கும் நம் காலுக்கும் நடுவே ஓர் இரும்புச் சுவர் உண்டு. பைக்கில் பேன்ட் துணி மட்டும்தான்.

"அப்பாவோட பழைய வண்டியில இப்படிச் சுடவே இல்லையே" என்று பலர் சொல்வது உண்மைதான். 2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகப் பல வண்டிகளில் அதை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். அந்த இடம் நம் கணுக்காலுக்கும் பக்கம். இது வண்டியின் அமைப்பு. மெக்கானிக்கால் இதைக் குறைத்துத் தர முடியாது. கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றுக்கும் கேடு.

வண்டி எந்த வகை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக ஃபின் இருந்து, முன்னால் ரேடியேட்டர் இல்லையென்றால் அது ஏர் கூல்டு. காற்று பட்டால்தான் ஆறும், நின்றால் ஆறாது. சிலவற்றில் கூடவே ஒரு சின்ன ஆயில் கூலரும் இருக்கும். ரேடியேட்டரும் ஃபேனும் இருந்தால் லிக்விட் கூல்டு. இந்த வகையில் இன்ஜினுக்கு நல்லது நடக்கும்போது காலுக்குக் கஷ்டம் வரும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 100 டிகிரியை நெருங்கும்போது ஃபேன் ஓடத் தொடங்கும், ரேடியேட்டரின் அனல் முழுவதும் பின்னால் இருக்கும் நம் முழங்காலில் அடிக்கும். சிக்னலில் திடீரென்று 'உஸ்ஸ்' என்ற சத்தத்தோடு கால் வெந்தால் பயப்பட வேண்டாம், ஃபேன் தன் வேலையைச் செய்கிறது.

முதலில் சோதனை

ஒரு விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருபது நிமிடம் ஊருக்குள் ஓட்டிவிட்டு வந்து, நிழலான திறந்த வெளியில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷெட்டுக்குள்ளோ மூடிய போர்ட்டிகோவிலோ இதைச் செய்யக் கூடாது, புகை ஆளை மயக்கிவிடும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். பேன்ட், ஷூ போட்டு, எப்போதும் போல் உட்காருங்கள்.

இப்போது புறங்கையைக் காலுக்கும் வண்டிக்கும் நடுவே, எதையும் தொடாமல் கொண்டுபோங்கள். கணுக்காலில் தொடங்கி கெண்டைக்கால், முழங்காலின் உட்புறம், தொடை என்று ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி நிறுத்திப் பாருங்கள். வலது பக்கம் முடிந்ததும் இடது பக்கம். எங்கே கை தானாகப் பின்வாங்குகிறதோ அங்கே ஒரு காலண்டர் அட்டையை நீட்டுங்கள். அட்டையை வைத்தவுடன் சூடு நின்றுபோனால் அது கதிராக வரும் சூடு, அடுப்புக்கு எதிரே நின்றால் முகத்தில் அடிக்குமே அது போல. அட்டையைச் சுற்றிக்கொண்டு சூடு வந்தால் அது அனல் காற்று. ஒரு குச்சி நுனியில் சாண் நீளத் தையல் நூலைக் கட்டி அங்கே காட்டினால் நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரிந்துவிடும். நூலோடு குச்சியைச் சக்கரம், செயின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாவது வகை நேராகத் தொட்டுச் சுடுவது. அதற்கு உங்கள் ஷூவும் பேன்ட்டும் சாட்சி சொல்லும். ஷூவின் உட்பக்க ஓரம் பளபளவென்று உருகியிருக்கிறதா, பேன்ட் ஓரத்தில் தீய்ந்த பழுப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலர் லேசர் புள்ளி விழும் வெப்பமானியை வாங்கி சைலன்சரில் அடித்துப் பார்த்து "எண்பது டிகிரிதான் காட்டுது" என்பார்கள். பளபளப்பான குரோம் பரப்பில் அந்தக் கருவி உண்மையைவிட நிறையக் குறைத்துக் காட்டும். அந்த எண்ணை நம்பிக் கையை வைத்துவிடாதீர்கள். அந்தக் கருவி கையில் இருந்தால் உங்கள் பேன்ட் துணி மேல், பிளாஸ்டிக் பேனல் மேல் அடித்துப் பாருங்கள், அந்த எண் உதவும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

பாதி பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கும்போது குதிகால் உள்ளே சாய்ந்து பைப்பின் பக்கம் போய்விடுகிறது. பாதத்தின் முன்பகுதியை, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டை, ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துக் குதிகாலை இம்மி அளவு வெளியே திருப்பிப் பாருங்கள். பிரேக் மிதிக்கும் முன் மட்டும் பாதம் சற்று முன்னே நகரட்டும். டேங்கை முழங்காலால் இறுக்கிப் பிடிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் ஊருக்குள் ஊர்ந்து போகும்போது அது தேவையில்லை. முழங்காலை நாலு விரல்கடை விரித்து வையுங்கள், நடுவே காற்று புகுந்து போகட்டும்.

சிக்னலில் நிற்கும்போது இடது காலை ஊன்றி வலது காலைப் பிரேக்கில் வைப்பதுதான் சரியான பழக்கம். நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நியூட்ரலுக்கு வந்து, வலது காலையும் இறக்கி ஆறவிடலாம். சமதளத்தில் மட்டும். இறக்கும்போது காலை நேராகக் கீழே விடாதீர்கள், பைப்பில் உரசும். முழங்காலை முதலில் வெளியே திறந்து, அப்புறம் பாதத்தை இறக்குங்கள். இதை இன்ஜின் ஆறியிருக்கும்போது வீட்டு வாசலில் பத்து தடவை செய்து பழகினால் கால் தானாகச் செய்யும்.

சிக்னலில் டைமர் அரை நிமிடத்துக்கு மேல் காட்டினால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஏர் கூல்டு வண்டி நின்றபடி ஓடுவதைப் போல வீணான சூடு வேறில்லை. லிக்விட் கூல்டு வண்டியில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அது ஒரு சுற்று ஓடி முடிக்கட்டும், அதன்பின் அணைக்கலாம்.

ஹாஃப் கிளட்ச்தான் புதியவர்கள் கவனிக்காத எதிரி. நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்தால் கிளட்ச் தட்டுகள் உரசி இன்ஜின் ஆயிலையே சூடேற்றும், ஏனென்றால் பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்தான் மூழ்கியிருக்கிறது. முன்னால் இருக்கும் வண்டியை ஒட்டாமல் நாலைந்து அடி இடைவெளி விட்டு, அது நகர்ந்ததும் கிளட்சை முழுவதும் விட்டு உருண்டு போங்கள். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

மலை ஏறும்போதும் இதே கதைதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இருவராக ஏறும்போது இன்ஜின் முழு பலத்தையும் கொடுக்கிறது, ஆனால் வேகம் இல்லாததால் காற்று படுவதில்லை. பெரிய கியரில் திணறவிடாமல் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். பாதியில் நிழல் பார்த்து ஒரு பத்து நிமிடம் நிறுத்தினால் வண்டிக்கும் நல்லது, காலுக்கும் நல்லது. நிறுத்தியதும் ஆறட்டும் என்று கொதிக்கும் இன்ஜின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஓரிடம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் உலோகத்தில் விரிசல் விழலாம், எழும் ஆவி கையையும் முகத்தையும் சுடும்.

இன்னொன்று, லெக் கார்டில் எதைக் கட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மழைக்காக ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டிக் கட்டியிருப்பார்கள், தண்ணீர் பாட்டில் பை, டூல்ஸ் பை என்று தொங்கவிட்டிருப்பார்கள். ஃபின்னுக்கு வர வேண்டிய காற்றை அதெல்லாம் மறித்துவிடும். மழை முடிந்ததும் பேனரைக் கழற்றுங்கள்.

பின்னால் உட்காருகிறவர்

ஓட்டுகிறவர் தன் காலைப் பற்றித்தான் யோசிப்பார். ஆனால் மோசமான சூட்டுக் காயங்கள் பின்னால் இருப்பவருக்கும் குழந்தைகளுக்கும்தான் வருகின்றன.

என் பெரியப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் ரப்பர் கருகிய வாடை. செருப்பைத் திருப்பிப் பார்த்தால் வலது செருப்பின் உள்பக்கம் உருகி நூல் நூலாகத் தொங்கியது. "பெரியப்பா, சுடலையா?" என்று கேட்டேன். "இல்லியேப்பா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ராத்திரி கால் கழுவிவிடும்போதுதான் பெரியம்மா பார்த்தார், கணுக்காலுக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெளிறிய கொப்புளம். வழி முழுவதும் கால் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து நழுவி சைலன்சர் கார்டின் ஓரத்தில் பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அவருக்கு உணர்வே இல்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் காலில் உணர்வு மங்கிப்போகும். அப்படிப்பட்டவரை ஏற்றுவதாக இருந்தால், அவருக்கு மூடிய ஷூவும் சாக்ஸும் போட்டுவிடுங்கள், கால் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பிப் பாருங்கள், வீடு வந்ததும் காலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அவர் "ஒண்ணுமில்லை" என்று சொல்வதை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். ஓட்டுகிறவருக்கே சர்க்கரை நோய் இருந்தாலும் இதேதான். 70 டிகிரி உலோகம் ஒரு விநாடி பட்டால் தோல் வெந்துவிடும். 44, 45 டிகிரிதான் என்றாலும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் அதுவும் புண்ணாக்கும். நெடுந்தூரப் பயணத்தில் "லேசாத்தான் சுடுது" என்று பொறுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கமாகத்தான். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்சர் வலது பக்கம் இருக்கிறது, சைடு ஸ்டாண்ட் இடது பக்கம். அவசரத்தில் வலது பக்கமாகக் குதித்து இறங்கும்போது கெண்டைக்கால் நேராக சைலன்சரில் பதியும். "நான் சொன்ன பிறகு இறங்கு, இந்தப் பக்கமா இறங்கு" என்பதை வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். சேலை கட்டியவர், வேட்டி கட்டியவர் என்றால் முந்தானையையும் வேட்டி நுனியையும் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். இடது பக்கச் சேலைக் கார்டு சக்கரத்திலிருந்து காப்பாற்றும், சைலன்சருக்கு அது உதவாது.

பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்காரவைத்து ஓட்டுவதை விட்டுவிடுங்கள். மற்ற ஆபத்துகள் ஒருபுறம் இருக்கட்டும், அந்தச் சின்னக் கால்கள் தொங்கும் இடம் இன்ஜின் ஃபின்னுக்கு நேர் மேலே. நான்கு வயதுக்குக் கீழே என்றால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது.

வண்டியை நிறுத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். அணைத்த பிறகும் சைலன்சர் நல்ல சூடாகவே இருக்கும், சூடாக இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் சைலன்சர் இருக்காதபடி, சுவரைப் பார்த்து இருக்குமாறு நிறுத்துங்கள். கிராமத்துச் சாலைகளில் கதிர் உலர்த்தியிருக்கும் இடத்தில், காய்ந்த வைக்கோல் மேல் நிறுத்தவே கூடாது, தீப்பிடிக்கும். வந்ததும் வராததுமாகப் பைக் கவரைப் போர்த்தாதீர்கள், துணி உருகிப் பைப்பில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துப் போர்த்தலாம்.

என்ன போட்டுக்கொள்வது

கால் சுடுகிறது என்று அரைக்கால் சட்டைக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். காற்று படும், இதமாகத்தான் இருக்கும், பைப்பில் ஒரு முறை படும் வரை. தடித்த பருத்தி ஜீன்ஸ்தான் குறைந்தபட்சம். நைலான், பாலியஸ்டர் டிராக் பேன்ட் வேண்டாம். அவை இருநூற்றுச் சொச்சம் டிகிரியில் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொண்டால் காயம் இன்னும் ஆழமாகும். பருத்தி உருகாது, கருகும், அதற்குள் காலை எடுத்துவிடலாம்.

கணுக்காலை மூடும் தோல் பூட் ஒன்று இருந்தால் கீழ்ப்பக்கத்துக் கவலை ஏறக்குறைய தீர்ந்தது. பெரிய பிராண்டு ரைடிங் பூட்தான் வேண்டும் என்றில்லை, தொழிற்சாலையில் போடும் தோல் சேஃப்டி ஷூவே நன்றாகத் தாங்கும். கெண்டைக்கால் சுடுகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. பழைய தோல் பை ஒன்றிலிருந்து உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு வெட்டி, ஓட்டும்போது மட்டும் போடும் ஜீன்ஸின் வலது கால் உட்புறத்தில், சோதனையில் கண்டுபிடித்த அதே இடத்தில் தைத்துவிடுங்கள். டெய்லரின் மெஷினில் தோல் ஓடாது என்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், கொஞ்ச நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவார். இரண்டு வருடமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். துவைப்பது ஒன்றுதான் தொல்லை.

மழைக் கோட்டு பேன்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒருமுறை நல்ல மழை. கோட்டு பேன்ட்டின் கால் பகுதி எனக்குப் பெரியது, காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது. டீக்கடையில் நிறுத்திப் பார்த்தால் வலது காலில் ஒரு சாண் துணியைக் காணோம், அது பெண்ட் பைப்பில் கறுப்புப் பாகாக ஒட்டிக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு வண்டியில் இரண்டு வெல்க்ரோ பட்டை வைத்திருக்கிறேன். கோட்டு போட்டதும் கணுக்காலுக்கு மேல் ஒன்று, முழங்காலுக்குக் கீழ் ஒன்று என்று வலது காலைச் சுற்றி இறுக்கிவிடுவேன். பட்டை இல்லாத சமயம் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் போதும். ஒட்டிய பிளாஸ்டிக்கை எடுக்க, இன்ஜினை ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு அணைத்து, அது இளகியிருக்கும்போது கனத்த கையுறை போட்டு, மரக் கரண்டியின் விளிம்பால் சுரண்டுங்கள். இரும்புக் கத்தி போட்டால் குரோம் கீறிப்போகும்.

பேன்ட்டை நனைத்துக்கொண்டு ஓட்டுவது வெயிலில் உடம்பைக் குளிர்விக்கும். ஆனால் பைப்பில் படக்கூடிய இடத்தில் ஈரத் துணி காய்ந்த துணியைவிட வேகமாகச் சூட்டைத் தோலுக்குக் கடத்தும். தொடை, முழங்கால் வரை நனைக்கலாம், கீழே வேண்டாம்.

தடுப்புகள்: எது உதவும், எது உதவாது

கதிராக வரும் சூட்டுக்கு நல்ல மருந்து தகட்டுத் தடுப்பு. வண்டியோடு வந்த சைலன்சர் கார்டை அழகுக்காகக் கழற்றியிருந்தால் முதலில் அதைத் திரும்ப மாட்டுங்கள். புதிதாகப் போடுவதென்றால் பைப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல்கடையாவது இடைவெளி இருக்க வேண்டும். சூட்டைத் தடுப்பதில் பாதி வேலையை அந்த இடைவெளிக் காற்றுதான் செய்கிறது. பைப்போடு ஒட்டிக் கிளாம்ப் போட்டு இறுக்கிய தகடு பத்து நிமிடத்தில் பைப் அளவுக்கே சுடும்.

தொடைப் பக்கம், டேங்கின் அடியில், சைடு பேனலின் உட்புறத்தில் சுடுகிறது என்றால் ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் கண்ணாடி நாரும் இருக்கும் சூடு தாங்கும் ஷீட் கிடைக்கிறது. பளபளப்பான பக்கம் இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். ஒட்டும் இடத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பெட்ரோல் குழாய், வயர், காற்று இழுக்கும் வாய், ஃபின், ரேடியேட்டர், இவற்றில் எதையும் மூடக் கூடாது. காலைக் காப்பாற்றப் போய் இன்ஜினை வேகவைத்த கதை ஆகிவிடும்.

ஃபேன் அனல் காற்றுக்கு இந்த ஷீட் பயன்படாது. காற்றைத் திசை திருப்பும் டிஃப்ளெக்டர் உங்கள் மாடலுக்கென்றே கிடைத்தால் போடலாம். கிடைக்கவில்லையென்றால் முழங்காலைத் திறந்து வைப்பதும், முழங்காலில் பேட் இருக்கும் ரைடிங் பேன்ட் போடுவதும்தான் வழி.

பெண்ட் பைப்பில் சுற்றும் கண்ணாடி நார்ப் பட்டையைப் பற்றி என் கருத்து: கடைசி வழியாக மட்டும். கால் பக்கம் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் பட்டை மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு பைப்பைத் துருப்பிடிக்க வைக்கும், துரு உள்ளே இருப்பதால் ஓட்டை விழும் வரை தெரியாது. ஆயில் கசிவு இருக்கும் வண்டியில் பட்டை எண்ணெயைக் குடித்துத் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. கன்வெர்ட்டர் மேல் சுற்றவே கூடாது. சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கையுறை போடுங்கள், நார் தோலில் குத்தி அரிக்கும். முதல் இரண்டு ஓட்டத்தில் புகை வரும், அது சாதாரணம்.

விலை கூடிய சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் கால் சுடாது என்பார்கள். இன்ஜினுக்கு நல்லது, கால் சூட்டில் பெரிய வித்தியாசம் நான் கண்டதில்லை. மேனுவலில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள், டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 (ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக் குறியீடு) என்று இருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம்.

சுட்டுவிட்டால்

உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரம் பார்த்து 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுகிறோம், அடியில் இருக்கும் சதை அப்போதும் சூடாகத்தான் இருக்கும். ரோட்டில் என்றால் பெட்ரோல் பங்க், டீக்கடை, எங்கே குழாய் இருந்தாலும் கேட்டுக் காட்டுங்கள். குழாய் இல்லையென்றால் பாட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். பேஸ்ட், மை, வெண்ணெய், மஞ்சள், ஐஸ், எதுவும் வேண்டாம். ஐஸ் தோலை இன்னும் கெடுக்கும், மற்றதெல்லாம் சூட்டை உள்ளே பூட்டி வைக்கும், டாக்டர் காயத்தைப் பார்க்கவும் முடியாது. துணி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அதன் மேலேயே தண்ணீர் விடுங்கள்.

பிறகு சுத்தமான, பஞ்சு ஒட்டாத துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. காயம் உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தாலும், தோல் வெளுத்தோ கருகியோ வலியே இல்லாமல் இருந்தாலும், குழந்தை அல்லது சர்க்கரை நோயாளி என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலி இல்லை என்பது நல்ல அறிகுறி இல்லை, ஆழமாக வெந்துவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்றும் கேளுங்கள்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்

வாங்கிய நாளிலிருந்து ஒரே அளவு சூடு என்றால் அது வண்டியின் குணம். போன மாதம் இல்லாத சூடு இந்த மாதம் வந்தால்தான் விஷயம். அதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி, மேனுவலில் சொன்னபடி ஆயில் அளவு. லிக்விட் கூல்டு என்றால் கூலன்ட் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று, இன்ஜின் ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் பீய்ச்சும். ரேடியேட்டர் சந்திலும் ஃபின் சந்திலும் அப்பியிருக்கும் சேறு, பூச்சி. அவற்றை மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், வாட்டர் சர்வீஸில் அழுத்தமாக அடிக்கும் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டை மடக்கிவிடும். நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக உருண்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், செயின் மிகவும் இறுகியிருக்கலாம். இரண்டும் இன்ஜினுக்கு வீண் சுமை.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையென்றால் மெக்கானிக்கிடம் போங்கள். போய் "வண்டி ரொம்ப சூடாகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் ஆயில் மாற்றி அனுப்பிவிடுவார். எந்தப் பக்கம், காலில் எந்த இடம், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, நின்றால் மட்டுமா ஓடும்போதுமா, ஃபேன் ஓடுகிறதா, ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கிறதா, இருட்டில் பெண்ட் பைப் சிவந்து தெரிகிறதா, இவற்றைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். வெடிப்பதும் சிவப்பதும் இருந்தால் சைலன்சர் கேஸ்கெட்டில் கசிவு இருக்கிறதா, காற்று கூடி பெட்ரோல் குறைவாகப் போகிறதா, டேப்பட் இடைவெளி சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அவரிடம் காட்டி, காரணம் தெரியும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.